திரவப் படிகத்துக்குள் போட்ட துகளும் கண்ணாடிச் சுவரில் செய்த வேலையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

2003ல் உக்ரைனின் கீவ் நகர இயற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் அமெரிக்காவின் ஒஹையோவில் உள்ள கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் திரவப் படிக நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் சேர்ந்து ஒரு சிறிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்கள். யூரி ரெஸ்னிகோவ், விக்டர் ரெஷெட்னியாக், அனடோலி குளுஷ்சென்கோ, ஜான் வெஸ்ட் முதலியோர் எழுதியது. திரவம்போல ஓடினாலும் மூலக்கூறுகள் வரிசையாக நிற்கும் பொருள்தான் திரவப் படிகம், எல்.சி.டி. திரைகளுக்குள் இருப்பது அதுவே. விலைக்குக் கிடைக்கும் அப்படியொரு கலவையில், மிக நுண்ணியதாக அரைத்த ஃபெரோ எலக்ட்ரிக் (தனக்குள் நிரந்தர மின் இருமுனை உள்ள) தூளை ஒரு சதவீதத்துக்கும் குறைவாகச் சேர்த்திருந்தார்கள். மூலக்கூறுகள் வழக்கம்போல வரிசையில் நின்றன. ஆனால் அவற்றைத் திருப்பத் தேவையான மின்னழுத்தம் குறைந்துவிட்டது.

புதிய திரவப் படிக மூலக்கூறு ஒன்றைத் தயாரித்து, சோதித்து, தொழிற்சாலைக்குக் கொண்டுபோகப் பல ஆண்டுகள் பிடிக்கும். இருக்கிற கலவையிலேயே ஒரு சிட்டிகை தூள் போட்டால் வேலை முடியும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? அதன்பின் உலகெங்கும் நிறைய ஆய்வகங்கள் இதில் இறங்கின. பேரியம் டைட்டனேட், டைட்டானியம் டை ஆக்சைடு, வைரத்தூள், கார்பன் நானோகுழாய், பல்லேடியம், வெள்ளி, தங்கம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் திரவப் படிகத்தில் கலந்து பார்த்தார்கள்.

இதே ரெஸ்னிகோவ் 1992ல் வேறொரு கட்டுரையிலும் பங்கெடுத்திருந்தார். பாலிமர் பூசிய கண்ணாடியின்மேல் துருவப்படுத்திய (ஒரே தளத்தில் அதிரும்) புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால், துணியால் தேய்க்காமலேயே திரவப் படிக மூலக்கூறுகள் ஒரே திசையில் படுத்துக்கொள்ளும் என்று காட்டியது அது. அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தில் மார்ட்டின் ஷாட் குழுவும் கிட்டத்தட்ட இதையே கண்டுபிடித்தது. இந்த இரண்டாவது வழி டி.வி.க்குள் போய்விட்டது. தூள் வழி போகவில்லை. ஒரே ஆய்வாளர் கைவைத்த இரண்டு யோசனைகளுக்கு ஏன் இரண்டு விதமான முடிவு? இந்த எழுத்து அதைப் பற்றித்தான்.

பிக்சலுக்குள் நடப்பது

இரண்டு கண்ணாடித் தகடுகள். நடுவே 3 முதல் 5 மைக்ரோமீட்டர் இடைவெளி. அதில் குச்சி வடிவ மூலக்கூறுகள் நிறைந்த திரவம். கண்ணாடியின் உட்புறம் ஒளி ஊடுருவும் மின்முனை, அதன்மேல் சுமார் 100 நானோமீட்டர் கனத்தில் பாலிஇமைடு என்ற பாலிமர் படலம். மூலக்கூறுகள் எந்தத் திசையில் நிற்க வேண்டும் என்று சொல்வது இந்தப் படலம். மின்னழுத்தம் கொடுத்தால் மூலக்கூறுகள் திரும்பும். எடுத்தால், சுவர் சொன்ன பழைய நிலைக்கே திரும்பி வரும்.

எவ்வளவு மின்னழுத்தம் வேண்டும்? திரவத்தின் மீள்விசை மாறிலியை (வளைந்த வரிசை நேராகத் திரும்ப எவ்வளவு முனைகிறது என்பது) அதன் மின்காப்புத் திசைவேற்றுமையால் (மின்புலத்துக்கு மூலக்கூறு நீளவாக்கிலும் குறுக்கிலும் காட்டும் எதிர்வினையின் வேறுபாடு) வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் கிட்டும் எண்ணே இதைத் தீர்மானிக்கிறது. 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரே உருவாக்கிய 5சிபி என்ற பொருளுக்கு இது சுமார் 0.8 வோல்ட். வர்க்கமூலம் இருப்பதால், மின்னழுத்தத்தைப் பாதியாக்கத் திசைவேற்றுமையை 4 மடங்கு உயர்த்த வேண்டும். அணையும் வேகமோ இடைவெளியின் வர்க்கத்தைப் பொறுத்தது. இடைவெளியைப் பாதியாக்கினால் 4 மடங்கு வேகம். ஆனால் இடைவெளி குறைந்தால் ஒளியைத் திருப்பும் திறனும் குறையும், தூசி ஒன்று விழுந்தாலே பிக்சல் கெடும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லியாக வேண்டும், பின்னால் வரும் முழுக்கதையும் இதில்தான் தொங்குகிறது. டி.எஃப்.டி. பேனலில், அதாவது ஒவ்வொரு பிக்சலையும் ஒரு மெல்லிய டிரான்சிஸ்டர் இயக்கும் திரையில், பிக்சலுக்கு மின்னழுத்தம் தொடர்ந்து வருவதில்லை. டிரான்சிஸ்டர் ஒரு சில மைக்ரோ நொடி திறந்து மின்னூட்டத்தை ஊற்றிவிட்டு மூடிக்கொள்ளும். அடுத்த முறை வர, 60 ஹெர்ட்ஸ் திரையில் 16.7 மில்லி நொடி ஆகும். அதுவரை பிக்சல் தன்னிடம் உள்ளதைக் கசியாமல் வைத்திருக்க வேண்டும். திரவத்தில் அயனிகள் இருந்தால் அது ஓட்டைக் குடம். மின்னழுத்தம் இறங்கும், படம் மினுக்கும், அயனிகள் சுவரில் போய் ஒட்டினால் பழைய படத்தின் நிழல் திரையில் தங்கும். எத்தனை சதவீதம் மின்னழுத்தம் மிஞ்சுகிறது என்பதை மின்னழுத்தப் பிடிப்பு விகிதம் என்று அளக்கிறார்கள். இது 98, 99 சதவீதத்துக்குக் கீழே போனால் தொழிற்சாலை அந்தத் திரவத்தைத் தொடாது.

5சிபி போன்ற சயனோ வகைப் பொருள்கள் அயனிகளைச் சுலபமாகக் கரைத்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் டி.எஃப்.டி. திரைகள் வந்தபோது அவற்றை ஒதுக்கிவிட்டு, ஃபுளோரின் சேர்த்த மூலக்கூறுகளுக்கு மாறினார்கள். நானோ துகள் ஆய்வுகளில் கணிசமானவை இன்றும் 5சிபியில் செய்யப்படுகின்றன. அது எளிதாகக் கிடைக்கிறது, அதன் எல்லா அளவீடுகளும் புத்தகத்தில் இருக்கின்றன என்பது நியாயமான காரணம். ஆனால் அங்கே கிடைத்த முன்னேற்றத்தை எடுத்து அப்படியே டி.வி. திரைக்குப் பொருத்திப் பேசுவது சரியல்ல.

தூள் எப்படி வேலை செய்தது

2003 சோதனையில் பயன்பட்டது வெள்ளீயம், பாஸ்பரஸ், கந்தகம் சேர்ந்த ஒரு ஃபெரோ எலக்ட்ரிக் படிகம். பின்னர் பேரியம் டைட்டனேட் பிரபலமானது. இவற்றுக்கு நிரந்தர மின் இருமுனை உண்டு. ஒவ்வொரு துகளும் தன்னைச் சுற்றி வலுவான மின்புலத்தை வைத்திருக்கும். அந்தப் புலம் அருகிலுள்ள திரவப் படிக மூலக்கூறுகளை முனைவாக்கும். வெளியிலிருந்து மின்னழுத்தம் தரும்போது துகளும் சுற்றியுள்ள மூலக்கூறுகளும் சேர்ந்தே திரும்பும். கலவையின் திசைவேற்றுமை உயர்ந்ததுபோல் ஆகிவிடும்.

இவ்வளவு சிறிய துகள் ஏன் மூலக்கூறுகளின் வரிசையைக் கலைக்கவில்லை என்பதற்கு அழகான விளக்கம் இருக்கிறது. மீள்விசை மாறிலியை, துகளின் மேற்பரப்பு மூலக்கூறுகளைப் பிடித்துவைக்கும் வலிமையால் வகுத்தால் ஒரு நீளம் கிடைக்கும். வழக்கமான மதிப்புகளைப் போட்டால் இது ஒரு மைக்ரோமீட்டர் அளவில் வரும். துகள் இதைவிடப் பெரிதாக இருந்தால் சுற்றிலும் வரிசை வளைந்து, ஒளி சிதறி, கறுப்பு வெளுக்கும். 10 அல்லது 50 நானோமீட்டர் துகளோ இந்த நீளத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. திரவம் அதைக் கண்டுகொள்ளாது.

தயாரிப்பு முறை எளிமையாகத் தெரியும். வாங்கிய தூளை ஹெப்டேன் போன்ற கரைப்பானில், ஒலெயிக் அமிலத்தோடு சேர்த்து, உருண்டை அரவை இயந்திரத்தில் மணிக்கணக்கில் அரைக்க வேண்டும். ஒலெயிக் அமிலத்தின் தலைப்பகுதி துகளில் ஒட்டும், வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காப்பது இந்த வால்தான். பிறகு திரவப் படிகத்தில் கலந்து, கரைப்பானை ஆவியாக்கிவிட வேண்டும். ஆக, துகளை உள்ளே போடுவதும் ஒருவகையில் மேற்பரப்புச் சிகிச்சையில்தான் தொடங்குகிறது. பேரியம் டைட்டனேட்டின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு சுமார் 6 கிராம், திரவப் படிகத்துக்குச் சுமார் 1 கிராம். மேற்பூச்சு சரியில்லாவிட்டால் துகள்கள் கட்டிபிடித்து அடியில் இறங்கிவிடும்.

முரண்பட்ட முடிவுகள்

அடுத்த சில ஆண்டுகளில் வந்த முடிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தலை சுற்றும். ஒரு குழு மின்னழுத்தம் குறைந்தது என்கிறது, இன்னொன்று கூடியது என்கிறது. திரவப் படிக நிலை மறையும் வெப்பநிலை ஓரிடத்தில் ஏறுகிறது, ஓரிடத்தில் இறங்குகிறது. இவர்கள் எல்லோரும் கவனமானவர்கள். தவறு அளவீட்டில் இல்லை. 'பேரியம் டைட்டனேட் நானோ துகள்' என்ற ஒரே பெயரில் வேறுவேறு பொருள்களை அவர்கள் கலந்துகொண்டிருந்தார்கள்.

முதல் காரணம், துகளின் ஃபெரோ எலக்ட்ரிக் தன்மை. பேரியம் டைட்டனேட் 120 டிகிரி செல்சியஸுக்கு அருகில் அந்தத் தன்மையை இழக்கும். மிகச் சிறியதாக அரைத்தாலும் அது பலவீனமாகும். எவ்வளவு நேரம் அரைத்தோம், எந்தப் பூச்சோடு அரைத்தோம் என்பதைப் பொறுத்து, ஒரே தூளிலிருந்து இருமுனை உள்ள துகளும் வரும், இல்லாத துகளும் வரும். அமெரிக்க விமானப்படை ஆய்வகத்தில் கேரி குக், டீன் எவன்ஸ் குழுவினர் 2010 வாக்கில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அரைத்த கலவையை வலுவான மின்புலத்தில் வைத்து, உண்மையிலேயே இருமுனை உள்ள துகள்களை மட்டும் பிரித்தெடுத்தார்கள். அப்படி ஒரு அறுவடை தேவைப்பட்டது என்பதே, அதற்கு முந்தைய கலவைகளில் எவ்வளவு பயனற்ற தூள் இருந்தது என்பதைக் காட்டுகிறது.

இரண்டாவது காரணம் அயனி, இதுதான் எனக்கு இந்த ஆய்வின் மையம். திரவத்தில் ஏற்கெனவே உள்ள அயனிகள் மின்னூட்டம் தேடி அலைகின்றன. இருமுனை உள்ள துகள் கிடைத்தால் அதன் இரு முனைகளிலும் போய் ஒட்டிக்கொள்கின்றன. இதனால் இரண்டு விளைவுகள் ஒரே நேரத்தில் நிகழும். துகளின் மின்புலம் மறைக்கப்படுகிறது, அதாவது நாம் எதிர்பார்த்த ஃபெரோ எலக்ட்ரிக் விளைவு குறைகிறது. அதே சமயம், கட்டுக்கடங்காமல் திரிந்த அயனிகள் பிடிபடுகின்றன. அயனிகள் மின்முனையருகே குவிந்து எதிர்ப்புலத்தை உண்டாக்குவது குறைந்தால், திரவத்துக்குக் கிடைக்கும் உண்மையான மின்னழுத்தம் கூடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு 'தேவையான மின்னழுத்தம் குறைந்துவிட்டது' என்றுதான் தெரியும்! அமெரிக்கக் கடற்படை அகாடமியில் ரஜ்ரதன் பாசு பேரியம் டைட்டனேட் துகள்கள் அயனிகளைப் பிடிப்பதை 2014ல் அளந்து காட்டினார். தைவானில் வெய் லீயின் குழு கார்பன் நானோகுழாய்களையும் டைட்டானியம் டை ஆக்சைடையும் வைத்து இதே பாதையில் நீண்டகாலம் உழைத்திருக்கிறது. இருமுனையின் பங்கு எவ்வளவு, அயனிச் சுத்திகரிப்பின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டாத ஒரு முடிவை நான் முழுதாக நம்பமாட்டேன்.

அப்படியானால் துகள் அயனியைப் பிடிப்பது நல்லதுதானே என்று கேட்கலாம். நல்லதுதான், துகள் சுத்தமாக இருந்தால். திரவப் படிக ஆய்வாளர் யூரி கார்போவ்ஸ்கி இதை எளிய கணக்காக எழுதினார். துகள் தன்னோடு மாசு கொண்டுவந்தால், திரவத்தில் போட்டதும் அந்த மாசு அயனியாகப் பிரியும். துகள் பிடிப்பதைவிட விடுவது அதிகமாக இருந்தால் கலவை முன்பைவிடக் கெடும். அதே துகள், அதே அளவு, வேறு சுத்தம்: ஒன்று வடிகட்டி, மற்றது அழுக்கு. வெப்பநிலை மாறினால் இந்தச் சமநிலையும் நகரும், அதனால் அறையில் பிடித்த துகள் சூட்டில் விடலாம். மணிக்கணக்காக அரைக்கும்போது அரவை உருண்டைகளிலிருந்து உதிரும் துணுக்குகள், துகளில் ஒட்டாமல் மிஞ்சிய ஒலெயிக் அமிலம் என்று மாசுக்கு வழிகள் ஏராளம். பேனல் தொழிற்சாலை திரவத்தின் தூய்மைக்காகப் பட்ட பாட்டை நினைத்தால், அதில் அரைத்த தூளைப் போடச் சொல்வது பெரிய கோரிக்கை என்பது புரியும்.

சுவரில் நடந்த வேலை

சரி, மறுபக்கம் வருவோம். கண்ணாடியை ஒரு திசையில் தேய்த்தால் திரவப் படிகம் அந்தத் திசையில் நிற்கும் என்பது 1911ல் பிரான்சில் ஷார்ல் மோகன் காலத்திலிருந்தே தெரியும். தொழிற்சாலையிலும் அதையேதான் செய்தார்கள். பாலிஇமைடு பூசி, சுட்டு, ரேயான் அல்லது பருத்தித் துணி சுற்றிய உருளையால் தேய்த்தார்கள். பழமையாகத் தோன்றும் இந்த முறை வியக்கத்தக்க அளவு நம்பகமானது. ஆனால் தூசி எழும், நிலைமின்சாரம் டிரான்சிஸ்டரைச் சுடும், துணியின் கீறல் திரையில் கோடாகத் தெரியும். ஷார்ப் நிறுவனம் 2009ல் ஜப்பானின் சகாய் நகரில் திறந்த ஆலையில் தாய்க் கண்ணாடி (பல திரைகளாக வெட்டும் முழுத் தகடு) ஒன்று ஏறக்குறைய 2.9 மீட்டருக்கு 3.1 மீட்டர் இருந்தது. அவ்வளவு பெரிய பரப்பில் துணியை ஒரே சீராக ஓட்டுவது லேசான காரியம் இல்லை.

மூலக்கூறுகள் செங்குத்தாக நிற்கும் வி.ஏ. வகைத் திரைகளில் சிக்கல் வேறு மாதிரி. நேராக நிற்கும் குச்சிக்கு எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாது. அதைச் சொல்ல, புஜிட்சு 1990களின் பிற்பாதியில் கண்ணாடியில் சிறு முகடுகளை வைத்தது. முகட்டின்மேல் நிற்கும் மூலக்கூறு ஏற்கெனவே கொஞ்சம் சாய்ந்திருக்கும், அதைப் பார்த்து மற்றவை சாயும். ஆனால் முகடு ஒளியை மறைத்தது, அருகில் கறுப்பு கசிந்தது, முகட்டிலிருந்து தொலைவில் உள்ள மூலக்கூறுகள் தாமதமாகத் திரும்பின. பேக்லைட் (திரைக்குப் பின்னால் உள்ள விளக்கு) தரும் ஒளியில் சுமார் 5 சதவீதமே நம் கண்ணுக்கு வந்து சேரும் ஒரு கருவியில் இது சின்ன இழப்பு அல்ல.

இதற்கு இரண்டு தீர்வுகள் வந்தன. 2004ல் புஜிட்சு குழு முன்வைத்தது பாலிமரால் நிலைநிறுத்தும் முறை. திரவப் படிகத்தில் ஒரு சதவீதத்தில் சிறு பங்கு அளவுக்கு, புற ஊதா ஒளியில் பாலிமராக இறுகும் மோனோமர் என்ற சிறு மூலக்கூறுகளைக் கலந்து பேனலில் நிரப்புகிறார்கள். மின்னழுத்தம் கொடுத்து மூலக்கூறுகளைச் சாய்த்து வைத்திருக்கும்போதே புற ஊதா ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். மோனோமர் இறுகிச் சுவரில் படிந்து, அந்தச் சாய்வை நிரந்தரமாக்கிவிடும். அப்புறம் மின்னழுத்தம் இல்லாமல் மறுபடி ஒளி காட்டி, மிச்சம் மீதி மோனோமரையும் தீர்த்துவிடுகிறார்கள். அது மிஞ்சினால், டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல மெல்ல இறுகிச் சாய்வை மாற்றும், படத்தின் நிழல் தங்கும். இந்த முறையைத் தைவானிலும் கொரியாவிலும் பெரிய அளவில் எடுத்துக்கொண்டார்கள்.

கவனியுங்கள், இதுவும் திரவத்தில் ஒரு பொருளைக் கலப்பதுதான், அளவும் நானோ துகளின் அளவைப் போலவே சொற்பம். ஆனால் மோனோமர் தன் வேலையை முடித்ததும் திரவத்தை விட்டு வெளியேறிச் சுவராகிவிடுகிறது. துகளோ பேனலின் ஆயுள் முழுவதும் திரவத்திலேயே மிதந்துகொண்டிருக்க வேண்டும், கட்டிபிடிக்காமல், அயனி விடாமல். என் பார்வையில் இந்த நிகழ்வின் திருப்பமே இந்த வித்தியாசம்தான்.

இரண்டாவது தீர்வு, 1992ல் கீவும் சுவிட்சர்லாந்தும் காட்டிய ஒளிவழிச் சீரமைப்பு. 2009 செப்டம்பரில் ஷார்ப் இதை வி.ஏ. திரைக்குக் கொண்டுவந்ததாக அறிவித்தது. முகடும் வேண்டாம், மின்முனையில் வெட்டும் பிளவும் வேண்டாம். சாய்வான புற ஊதா ஒளியை மறைப்பான் வழியே விட்டு, ஒவ்வொரு பிக்சலிலும் மூலக்கூறுகள் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதைச் சுவரிலேயே எழுதிவிட்டார்கள். ஒளிப் பயன்பாடு முன்பிருந்ததைவிட 20 சதவீதத்துக்கும் அதிகமாகக் கூடியது, கான்ட்ராஸ்ட் 5000:1 ஆனது, வேகம் முந்தையதைவிட 2 மடங்கு என்று அந்த அறிவிப்பு சொன்னது. ஆய்வகத்திலிருந்து ஆலைக்கு 17 ஆண்டுகள். ஒளியில் நீண்டநாள் நிலைக்கும் பாலிமர், பெரிய பரப்புக்கு ஒரே சீரான ஒளிமூலம் என்று எல்லாம் கூடிவர அவ்வளவு காலம் வேண்டியிருந்தது.

துகள் ஜெயித்த இடங்கள்

நானோ துகள் தோற்றது என்று எழுதினால் அது பாதி உண்மைதான். இடம் மாறியபோது அது ஜெயித்தது.

2007ல் தைவான் குழு ஒன்று போஸ் என்ற துகளைத் திரவப் படிகத்தில் கலந்தது. சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த, ஒன்றரை நானோமீட்டர் அளவுள்ள கூண்டு அது. திரவத்தில் தங்காமல் கண்ணாடியில் போய்ப் படிந்து, பாலிஇமைடு படலமே இல்லாமல் மூலக்கூறுகளைச் செங்குத்தாக நிறுத்தியது. பாலிஇமைடைச் சுட 200 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும், பிளாஸ்டிக் தகடு அதைத் தாங்காது. அந்த இடத்தில் இப்படித் தானாகவே சுவரில் ஏறும் துகளுக்கு உண்மையான மதிப்பு உண்டு.

மிகப்பெரிய வெற்றி திரவப் படிகத்துக்கு முற்றிலும் வெளியே, பேக்லைட்டில் கிடைத்தது. 450 நானோமீட்டர் அளவில் நீல ஒளி தரும் எல்.இ.டி.க்கு முன்னால் குவான்டம் புள்ளிகளை (சில நானோமீட்டர் அளவுள்ள குறைக்கடத்தித் துகள்கள்) வைத்தால், அவை நீலத்தின் ஒரு பங்கை வாங்கி, குறுகிய பட்டையில் சுத்தமான பச்சையும் சிவப்புமாகத் திருப்பித் தரும். 2013ல் இது சோனியின் டி.வி.யிலும் அமேசானின் டேப்லட்டிலும் வந்தது. அந்தப் புள்ளிகளில் இருந்த காட்மியம் மீதான கட்டுப்பாட்டால் இண்டியம் பாஸ்பைடுக்கு மாறினார்கள். 2023ல் குவான்டம் புள்ளிகளுக்காக பவென்டி, புரூஸ், எகிமோவ் மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. இங்கே துகள் மின்புலத்தில் இல்லை. பிக்சலின் மின்னூட்டத்தோடு அதற்கு உறவே இல்லை. படலத்தில் இறுக்கி, காற்றும் ஈரமும் புகாமல் மூடிவிட்டால் போதும்.

இதே மாதிரியான முன்கதை ஒன்று நம் பக்கத்திலும் உண்டு. சி.வி. ராமனின் சகோதரி மகன் எஸ். சந்திரசேகர், சதாசிவா, சுரேஷ் ஆகியோரோடு 1977ல் பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் தட்டு வடிவ மூலக்கூறுகளின் திரவப் படிகங்களைக் கண்டுபிடித்தார். 1990களில் புஜிஃபிலிம் அந்த வகை மூலக்கூறுகளைப் படலமாக இறுக்கி, போலரைசரோடு (ஒளியைத் துருவப்படுத்தும் தகடு) சேர்த்தது. பக்கவாட்டில் பார்த்தால் நிறம் கெடும் திரைகளுக்கு அது மருந்தானது. அந்தத் தட்டு மூலக்கூறுகளும் பிக்சலுக்கு வெளியேதான் நின்றன.

இனி வரும் ஆய்வுக்கு

துகளைத் திரவத்துக்குள் போடும் ஆய்வைக் கைவிட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் டி.வி. திரை என்ற வாக்குறுதியோடு எழுதினால், சில எண்களைக் கட்டாயம் தர வேண்டும். அறை வெப்பநிலையில் மட்டுமன்றி 60 டிகிரியிலும் மின்னழுத்தப் பிடிப்பு விகிதம் என்ன? துகள் போடாத அதே திரவத்தில், வெறும் ஒலெயிக் அமிலத்தை மட்டும் கலந்தால் என்ன வருகிறது? சில மாதம் கழித்து அதே செல்லை (திரவம் நிரப்பிய கண்ணாடிக் கூட்டை) எடுத்து அளந்தால் கட்டிபிடித்திருக்கிறதா? ஃபுளோரின் வகைத் திரவத்தில் செய்தால் முடிவு நிற்கிறதா? இரண்டாவது கேள்விக்கான சோதனை மிக எளிது, ஒரு நாள் வேலை. அதைச் செய்தாலே பூச்சு செய்த வேலையைத் துகளின் கணக்கில் எழுதுவது நின்றுவிடும்.

மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கத் தேவையில்லாத கருவிகளும் இருக்கின்றன. ஒளித் தடுப்பான், லேசர் கற்றையைத் திருப்பும் கட்டமாற்றி (அலையின் கட்டத்தை மாற்றும் கருவி), மைக்ரோ அலை ஆன்டெனாவில் வரும் கட்டமாற்றி ஆகியவற்றில் மாறுதிசை மின்னழுத்தம் தொடர்ந்து கிடைத்துக்கொண்டே இருக்கும். அங்கே அயனிகளின் தொல்லை குறைவு, தடிமனான செல் என்பதால் அதிக வோல்ட் கேட்கும், எனவே மின்னழுத்தத்தைக் குறைக்கும் எதற்கும் உடனடிப் பயன் உண்டு. குக்கும் எவன்ஸும் மின்புலத்தில் பிரித்தெடுத்ததுபோல் இருமுனை உறுதியான துகள்களை, சுத்தமான பூச்சோடு அங்கே முதலில் போட்டுப் பார்ப்பதுதான் சரியான வரிசை.